பெற்றோரையும் சேர்த்து ஒரு பாலிசி

போன மாதம் ரம்யா போன் செய்தாள். ஓசூரில் ஜூஜுவாடி பக்கம் ஒரு கியர் தொழிற்சாலையில் நான் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்குள்ள முதலுதவி அறைக்கு என் இடத்தில் வந்தவள் அவள்.

"சிஸ்டர், புதுச் சட்டம் வந்து சம்பளக் கணக்கெல்லாம் மாறுதாம். யாரு ஈ.எஸ்.ஐ.ல இருப்பாங்க, யாரு வெளிய போவாங்கன்னு எல்லாரும் எங்கிட்டதான் வந்து கேக்கறாங்க. உங்க காலத்துலயும் ஒரு தடவை இப்படி ஆச்சாமே. நீங்களும் அன்வர் சாரும் அலைஞ்சு ஒரு பாலிசி புடிச்சீங்களாமே. அதக் கொஞ்சம் எழுதித் தர்றீங்களா?" என்றாள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் அன்வர் சாரைப் பற்றித்தான் பேச்சு போகும். அவள் கேட்டதோ பாலிசியைப் பற்றி. இப்போது எழுத உட்கார்ந்த பிறகு இரண்டையும் பிரிக்க முடியாது என்று தெரிகிறது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மத்திகிரிப் பக்கம் பிறந்தேன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் கன்னடம். சேலத்தில் நர்ஸிங் படித்துவிட்டு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமாகி ஓசூருக்குத் திரும்பியதும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கண்ணில் விழுந்த இரும்புத் தூளை எடுப்பது, கிழிந்த விரலுக்குக் கட்டுப் போடுவது, நைட் ஷிப்ட் முடித்துத் தலைசுற்றலோடு வருகிறவர்களுக்கு பி.பி. பார்ப்பது. மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவளுக்கு முதல் வருடம் இது ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

அன்வர் சார் எங்கள் பர்சனல் மேனேஜர். சொந்த ஊர் கிருஷ்ணகிரி. அவருடைய அப்பா மாங்காய் மண்டி வைத்திருந்தவர். ஒல்லியான மனிதர். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டுதான் வருவார். அவர் அறைக்குள் யார் போனாலும், துடைப்பக்காரப் பெண்மணியே போனாலும், நாற்காலியில் இருந்து பாதியாவது எழுந்துவிட்டுத்தான் உட்காருவார். நாம் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க சொல்றது இதுதானே?" என்று நம் பேச்சை அவர் வார்த்தையில் திருப்பிச் சொல்வார். சில சமயம் நாம் சொல்ல நினைத்ததே அப்போதுதான் நமக்குப் புரியும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதனால் அவரை மென்மையானவர் என்று நினைத்து வந்தவர்கள் பலர் ஏமாந்து போயிருக்கிறார்கள்.

ரம்யா கேட்ட அந்த வருடம், மூன்று வருடச் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது. நல்ல உயர்வு. கேண்டீனில் கேசரி போட்டார்கள். ஒரு வாரம் கழித்து யூனியன் செயலாளர் சுப்ரமணி என் அறைக்கு வந்து, சட்டைக் கையைச் சுருட்டி பி.பி. பார்க்கச் சொன்னார். ராயக்கோட்டைக்காரர், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு பி.பி.யும் அப்படித்தான் இருந்தது.

"சிஸ்டர், இந்தச் சம்பளம் எங்களுக்கு வேணாம்னு சொல்லப் போறோம்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்ன காரணம் இது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்க ஒரு சம்பள வரம்பு உண்டு. புதிய சம்பளத்தில் எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் அதைத் தாண்டிவிடுகிறார்கள். நடப்பு ஆறு மாதச் சந்தாப் பருவம் முடியும் வரை ஈ.எஸ்.ஐ. ஓடும், அதற்குப் பிறகு இல்லை. நம்மை நம்பி இருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் வைத்தியம் உண்டு, பெரிய ஆபரேஷனுக்கும் வழி உண்டு. டிஸ்பென்சரியில் கூட்டம், மருந்து இல்லை என்று தினமும் திட்டிக்கொண்டிருந்தவர்கள்தான். போகப் போகிறது என்றதும் அதன் அருமை தெரிந்தது. அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்குப் போகலாம் என்றால் அதற்கு இந்தச் சம்பளம் அதிகம். தனியாக வெளியில் பாலிசி எடுக்கலாம் என்றால் அதற்கு இந்தச் சம்பளம் போதாது. அறுபது வயதுத் தாய் தகப்பனைச் சேர்க்கச் சொன்னால் ஏஜெண்டுகள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

சுப்ரமணியை நானே அன்வர் சாரிடம் கூட்டிப் போனேன்.

"ஒரு கையில சம்பளத்தக் குடுத்துட்டு இன்னொரு கையில ஆஸ்பத்திரியப் புடுங்கிக்கறீங்க சார்" என்றார் சுப்ரமணி, உட்காராமலே.

அன்வர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீங்க சொல்றது, சம்பளத்துல கோபம் இல்ல. ஈ.எஸ்.ஐ. போனா அதுக்குச் சமமா ஒண்ணு கையில இருக்கணும். அதானே?"

"அதான். அப்பா அம்மாவோட சேத்து."

"பருவம் முடியறதுக்குள்ள கொண்டாரேன். கொண்டார முடியலன்னா நானே மெயின் கேட்டுக்கு வந்து முடியலன்னு சொல்லிடறேன். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

சுப்ரமணி என்னைப் பார்த்தார். நம்பலாமா என்று கேட்பது போல இருந்தது. எனக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டார். "வியாதி உங்களுக்குத் தெரியும், சட்டம் எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் சேந்து படிச்சாதான் அந்தப் பாலிசியில என்ன எழுதியிருக்குன்னு புரியும் சிஸ்டர்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொடி எழுத்துகளையும் படித்தோம். ஒரு விதி எனக்குப் புரியவே இல்லை. அறை வாடகைக்கு ஒரு வரம்பு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிய அறையில் படுத்தால், கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி இல்லை. அறை வாடகை எந்த அளவில் தாண்டுகிறதோ அதே அளவில் டாக்டர் பீஸ், ஆபரேஷன் செலவு எல்லாவற்றையும் வெட்டுவார்கள். இதை அவர் விளக்கியபோது எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. பேசி எடுக்க வேண்டிய விதி என்று பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டார்.

அந்தக் கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். டை கட்டி, லேப்டாப் திறந்து, சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம் நிற்கும் படத்தைக் காட்டினார்கள். அன்வர் சார் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்ப்பார். கடைசியில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"நீங்க பணம் தர மாட்டோம்னு சொன்ன கேஸு ரெண்டு மூணு சொல்லுங்க."

ஒருவர் நெஞ்சில் கை வைத்து, "நாங்க மறுத்ததே இல்ல சார்" என்றார். அவருக்கு டீ வந்தது. குடித்ததும் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார் அன்வர் சார். "மண்டியில எங்கப்பாகிட்ட ஒருத்தர் கூடையில ஒரு பழம்கூட அழுகல் இல்லன்னு சொன்னா, அப்பா கூடையத் திறக்கவே மாட்டாரு" என்றார்.

கடைசியாக வந்தவர் கவிதா என்ற அதிகாரி. நடுத்தர வயது, பருத்திப் புடவை, லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதும் விரல் விட்டுச் சொன்னார். "அட்மிட் பண்ணவே தேவையில்லாத காய்ச்சலுக்கு அட்மிட் ஆனா மறுப்போம். பழைய வியாதிய மறைச்சிருந்தா மறுப்போம். சில சமயம் எங்க ஆளுங்க தப்பாவும் மறுத்துருக்காங்க. அத நான் சரி பண்ணிருக்கேன், சிலத சரி பண்ண முடியல."

அன்வர் சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பேரம் அன்றுதான் ஆரம்பித்தது. அறை வாடகை வரம்பு போயிற்று. தொழிலாளி, மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் எல்லோருக்கும் பழைய வியாதியும் முதல் நாளில் இருந்தே சேர்ந்தது. பெற்றோர் விஷயத்தில் மட்டும் கவிதா அசையவில்லை. சேரும்போதே சொன்ன வியாதிக்கு முதல் நாளில் இருந்து உண்டு; சொல்லாமல் விட்ட பழைய வியாதிக்கு முதல் வருடம் கிடையாது என்றார். அன்வர் சார் யோசித்துவிட்டு, "இது நியாயம்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் வாய்ப்பேச்சோடு விடவில்லை. ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு ஓசூரில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். மேலாளர்களைப் பார்க்கப் போகிறோம் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். அவர் நேராக டிஸ்சார்ஜ் பிரிவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கே பையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து பதில் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது ஒரு கூட்டம்.

"எந்தக் கம்பெனிங்க? டாக்டர் எப்ப வீட்டுக்குப் போலாம்னாரு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார். ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டே போனோம். "காலையிலயே போலாம்னாங்க சார், இன்னும் அப்ரூவல் வரல" என்றவர்கள் அதிகம். ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். கவிதாவின் கம்பெனியில் பாலிசி எடுத்தவர்கள் இரண்டு பேரைப் பார்த்தோம். ஒருவருக்குக் கையெழுத்தாகி, அவர் எழுந்து போய்க்கொண்டிருந்தார். இன்னொருவர் காத்திருந்தார், ஆனால் திட்டவில்லை.

"போதும் சிஸ்டர்" என்று எழுந்தார். ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கி இன்னொன்றில் முடிக்கும்போது மாலை ஆகிவிட்டது. இருபது வருடமாக ஆஸ்பத்திரி வாசனையோடு வாழ்ந்தவள் நான். அந்த பெஞ்சில் உட்கார்ந்து கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்தது எம்.டி. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் கட்டுகிறேன், அப்பா அம்மாவுக்கு நாம் எதற்கு என்றார் அவர். அன்வர் சார் தர்மம் நியாயம் எதுவும் பேசவில்லை. "பையன் மெஷின்ல நிக்கறப்ப மனசு ஆஸ்பத்திரில இருந்தா கை எங்க இருக்கும் சார்? சிஸ்டரக் கேளுங்க" என்றார். அப்பா ஐ.சி.யு.வில் கிடக்கும்போது லீவு போட்டால் சம்பளம் போகும் என்று வேலைக்கு வந்த ஒரு பையனின் விரலுக்கு நான் கட்டுப் போட்ட கதையைச் சொன்னேன். எம்.டி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெற்றோருக்கான பிரீமியத்தில் பாதியைத் தொழிற்சாலை கட்டும், பாதியைத் தொழிலாளி கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று.

கேட்டில் கூட்டம் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். முதலில் தமிழில், பிறகு கன்னடத்தில், பிறகு அவ்வளவாக வராத தெலுங்கில். தப்பாகப் பேசும்போது ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திருத்திச் சொன்னார். இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்த சாந்தி கையைத் தூக்கினாள்.

"சார், கல்யாணமான பொண்ணுங்க மாமனார் மாமியாரத்தான் சேக்கணுமா? எங்கம்மாவ நான்தான் பாக்கறேன்."

ஆண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. "நீங்க யாருக்கு மாத்திரை வாங்கித் தர்றீங்களோ அவங்களப் போடுங்கம்மா. ரெண்டு ஜோடியில ஒரு ஜோடி, அது உங்க விருப்பம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில பேசிட்டேன்" என்றார். அவள் கேட்பாள் என்று தெரிந்து முன்னாலேயே பேசி வைத்திருந்தாரா, அந்த நிமிடம் முடிவு செய்து அப்புறம் போய்ப் பேசினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேண்டீனில் பெற்றோரையெல்லாம் வரவழைத்துப் பரிசோதனை வைத்தோம். அது என் பொறுப்பு. வந்த பெரியவர்கள் எல்லோரும் பயில்வான்கள் போலப் பேசினார்கள். சுகர் கிடையாது, பி.பி. கிடையாது, மாத்திரை என்றால் என்னவென்றே தெரியாது. வியாதியைச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்று பயம். "மறைச்சாதான் ஐயா சேக்க மாட்டாங்க, சொன்னா சேத்துக்குவாங்க" என்று மூன்று மொழியிலும் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மெதுவாக மடியில் இருந்தும் முந்தானையில் இருந்தும் மாத்திரை அட்டைகள் வெளியே வந்தன.

அன்று வந்தவர்களில் லட்சுமம்மாவும் ஒருவர். எங்கள் மெஷின் ஆபரேட்டர் நாகராஜின் அம்மா. கெலமங்கலம் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் குடைமிளகாய் பறிக்கும் வேலை. தெலுங்கு மட்டும்தான் பேசுவார். பி.பி. உண்டு என்று தானாகவே சொன்னார். நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது எல்லாம் கேட்டேன். எதுவும் இல்லை என்றார். பி.பி.யை எழுதிக்கொண்டோம்.

பாலிசி தொடங்கிச் சில மாதம் நல்லபடியாக ஓடியது. ஒரு பிரசவம், ஒரு கல்லடைப்பு, ஒரு டெங்கு. பிறகு ஒரு காலையில் நாகராஜ் போன் செய்தான். குரலே சரியில்லை.

"சிஸ்டர், அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு ஓசூர்ல காமிச்சோம். பெங்களூர் கூட்டிட்டுப் போங்கன்னாங்க. இங்க ரத்தக்குழாய்ல அடைப்பாம், இன்னிக்கே ஸ்டென்ட் வைக்கணுமாம். ஆனா இன்ஷூரன்ஸ் இல்லன்னுட்டாங்க சிஸ்டர். பழைய இதய நோய மறைச்சிருக்கீங்கன்னு சொல்றாங்க. நாங்க எங்க சிஸ்டர் மறைச்சோம்?"

நான் அன்வர் சார் அறைக்குப் போவதற்குள் சுப்ரமணி அங்கே நின்றுகொண்டிருந்தார். செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. "அப்பவே சொன்னேன் சார். வாங்கற வரைக்கும் ஒரு பேச்சு, குடுக்கறப்ப ஒரு பேச்சு. மொதல் பெரிய கேஸுலயே கைய விரிச்சுட்டாங்க. நாளைக்கு எவன் நம்புவான்?"

அன்வர் சார் எழுந்தார். காரின் சாவியை எடுத்தார். "சிஸ்டர், உங்களுக்குத் தெலுங்கு நல்லா வரும். கிளம்புங்க."

கர்நாடக எல்லையில் அத்திபெலே தாண்டும்போது லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டோம். நான் பதறிக்கொண்டே இருந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கம்பெனி மறுக்குதுன்னா எந்த வார்த்தைய வெச்சு மறுக்குதுன்னு பாக்கணும். அந்த வார்த்தைய மொதல்ல கண்ணால பாப்போம்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நாகராஜ் நின்றிருந்தான். சார் காரை நிறுத்துவதற்குள் ஓடி வந்தான். "சார், நிலத்த விக்க ஆள் பாக்கச் சொல்லிட்டேன். நீங்க அலைய வேணாம் சார்."

அவன் தோளில் கை வைத்தார். "இன்னிக்கு நிலத்தப் பத்திப் பேசாத. அம்மாகிட்ட போய் உக்காரு."

இன்ஷூரன்ஸ் மேஜையில் இருந்தவர் கேஸ் ஷீட்டைத் திருப்பிக் காட்டினார். நான் ஒரு காலத்தில் தினமும் பார்த்தது போன்ற தாள். அவசரப் பிரிவில் முதலில் எழுதிய வரியிலேயே விஷயம் இருந்தது. தினமும் நெஞ்சு வலி, நெடுநாளாக உண்டு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைத்தான் கம்பெனி பிடித்துக்கொண்டிருந்தது.

"இத எழுதின டாக்டர் யாரு?" என்று கேட்டார் சார்.

வடக்கே இருந்து படிக்க வந்த இளம் டாக்டர். கேண்டீனில் தனியாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் தூக்கம். நோயாளியின் ஆட்கள் என்றதும் முகம் இறுகிவிட்டது. சண்டைக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருப்பார்.

அன்வர் சார் எதிரில் உட்காரவில்லை, நின்றுகொண்டே ஆங்கிலத்தில் பேசினார். "டாக்டர், உங்க மேல குறை சொல்ல வரல. மொதல்ல சாப்பிட்டு முடிங்க. அப்புறம் அந்த அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்விய உங்க முன்னாடி இன்னொரு தடவை கேக்கணும். அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான். நாங்க எதையும் மாத்தி எழுதச் சொல்லல."

டாக்டர் சாப்பிட்டு முடிக்கவில்லை. கை கழுவிவிட்டு எங்களோடு வந்தார்.

லட்சுமம்மா படுக்கையில் சுருங்கிக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் கேட்டேன். "அம்மா, நொப்பி என்னி ரோஜுலுகா உந்தி?" எத்தனை நாளாக வலி என்று.

"ரெண்டு ரோஜுலே தல்லி. ஆதிவாரம் நுஞ்சி." இரண்டே நாள், ஞாயிற்றுக்கிழமையில் இருந்து.

டாக்டர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "மறுபடி சொல்லச் சொல்லுங்க" என்றார். லட்சுமம்மா மறுபடி சொன்னார், இந்த முறை இரண்டு விரலைக் காட்டி.

டாக்டர் அப்படியே கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரோஜ் என்றால் அவர் பேசும் இந்தியில் தினமும் என்று அர்த்தம். அவசரப் பிரிவில் கூட்டமும் கூச்சலுமாக இருந்த நேரத்தில், அம்மா சொன்ன ரோஜுலு அவர் காதில் ரோஜ் என்று விழுந்திருக்கிறது. அம்மா நாளைச் சொன்னார். இவர் தினமும் என்று எழுதி, அப்படியென்றால் நெடுநாளாக இருக்கும் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்.

"என் தப்பு" என்றார். வேறு ஒரு சாக்கும் சொல்லவில்லை. பெரிய டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். பழைய வரியை அடிக்காமல், அதன் கீழே, மொழி புரியாமல் தவறாக எழுதிவிட்டேன், வலி இரண்டு நாளாகத்தான் என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த வயதில் அப்படி எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்? பல டாக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். முடியவில்லை. கவிதா போனில், "சார், மறுத்த பிறகு வர்ற திருத்தத்த எங்க டாக்டருங்க நம்ப மாட்டாங்க. தினம் பத்து ஆஸ்பத்திரி இப்படி மாத்தி எழுதி அனுப்புது" என்றார்.

"அவங்க பயம் நியாயம்தான். தாள நம்ப வேணாம்மா" என்றார் அன்வர் சார். "உங்ககிட்ட தெலுங்கு தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருப்பாங்கல்ல? வீடியோவுல அந்த அம்மாகிட்டயே பேசச் சொல்லுங்க. நானும் சிஸ்டரும் அறைக்கு வெளிய நிக்கறோம். நாங்க சொல்லிக் குடுத்தோம்னு யாரும் சொல்ல வேணாம்."

கவிதா அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு ஏதோ கேட்டார். பிறகு, "அரை மணி குடுங்க சார்" என்றார்.

நாங்கள் வராந்தாவில் நின்றோம். நாகராஜ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து லட்சுமம்மாவின் குரல் வந்தது. முதலில் முனகலாக, பிறகு கொஞ்சம் உரக்க. கம்பெனி டாக்டர், ரொம்ப நாளாகவே வலி இருந்திருக்கும், வெளியில் சொல்லாமல் இருந்தீர்களா என்று கேட்டிருப்பார் போல. "தினமும் வலிச்சிருந்தா சனிக்கிழமை வரைக்கும் குடைமிளகாய்க் கூடைய எவ தூக்கியிருப்பா? நீ வந்து தூக்கிப் பாரும்மா" என்று அந்த நிலையிலும் தெலுங்கில் திட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "இதுக்கு மேல சாட்சி எதுக்கு?" என்றார்.

அனுமதி வந்தது. பிற்பகலிலேயே உள்ளே கூட்டிப் போனார்கள். ஸ்டென்ட் வைத்து முடித்துப் பெரிய டாக்டர் வெளியே வந்து, நல்லாயிருக்காங்க என்றபோது நாகராஜ் அன்வர் சாரின் காலில் விழப் போனான். அவர் பின்னால் நகர்ந்து, "அந்தச் சின்ன டாக்டர்கிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. அவரு இன்னும் வீட்டுக்குப் போகல" என்றார். நாகராஜ் போனான். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாளே என் வேலை கூடியது. எங்கள் ஆட்கள் யார் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனாலும், டாக்டர் எழுதும்போதே எனக்குப் போன் போட வேண்டும். எத்தனை நாளாக என்ன உபாதை என்று நான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்வேன். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்வேன். அன்வர் சார் போட்ட ஏற்பாடு. ரம்யா, உன் கேள்விக்கு என்னிடம் உள்ள முக்கியமான பதில் இதுதான். பாலிசி வாங்குவது பாதி வேலை. ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் வரி சரியாக இருப்பது மீதி வேலை.

லட்சுமம்மா இன்றும் இருக்கிறார். கூடை தூக்கக்கூடாது என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை.

வருடம் முடிந்து பாலிசியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. அந்த வருடம் பெற்றோர் வைத்தியத்துக்கு நிறையப் போயிருந்தது. கவிதா நேரில் வந்து, பிரீமியத்தை ஏற்றாமல் முடியாது, பெற்றோரை எடுத்துவிட்டால் பழைய அளவிலேயே தருகிறேன் என்றார். எம்.டி. தன் பங்குக்கு மேல் தர மறுத்துவிட்டார். பெற்றோரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஏறும் தொகையைத் தொழிலாளிகள்தான் தாங்க வேண்டும். பெற்றோர் உள்ளவர்கள் மட்டும் தாங்குவதென்றால் அவர்களால் முடியாது. எல்லோரும் பகிர்ந்துகொண்டால் முடியும்.

அன்வர் சார் கேண்டீனில் கூட்டம் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். நிறையப் பேர் இளவட்டம். பெற்றோர் ஊரில் திடமாக இருக்கிறவர்கள். சிலருக்குப் பெற்றோரே இல்லை. அவர்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அதையும் மைக்கிலேயே சொல்லிவிட்டார். "இதுக்கு மேல உங்க முடிவு. யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன்."

எல்லோரும் யூனியன் செயலாளர் பக்கம் திரும்பினார்கள். அன்றைக்கு என்ன சொல்லி எதிர்ப்பாரோ என்று நானும் அவரையே பார்த்தேன். சுப்ரமணி மெதுவாக எழுந்தார். மைக் வேண்டாம் என்று கையால் தள்ளினார்.

"எனக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. நான் பத்தாவது படிக்கறப்பவே போய்ட்டாங்க. அப்ப இப்படி ஒண்ணு இருந்திருந்தா எங்கப்பா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு" என்றார். "என் சம்பளத்துல புடிங்க சார்."

உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் திருநெல்வேலியில் இருந்து புதிதாக வந்த பையன் ஒருவன், "எனக்கும் பிடிங்க சார்" என்றான். அப்புறம் குரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. யார் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று பார்க்க முடியவில்லை.

அன்வர் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் ஓய்வு பெற்று இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறார். அவருக்குப் பின் நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டு முறை மாறிவிட்டது, எம்.டி. மாறிவிட்டார், சட்டமும் மாறப் போகிறது என்கிறாள் ரம்யா. ஒவ்வொரு வருடமும் பாலிசியைப் புதுப்பிக்கும்போது பெற்றோரை எடுத்துவிட்டால் மிச்சமாகும் என்று யாராவது ஒருவர் வந்து சொல்கிறாராம். தொழிலாளிகள் பக்கம் இருந்து மட்டும் அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லையாம்.